குடித்தனப் பக்கம்: ரசீது வேறு, அனுமதி வேறு

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து அன்பர்கள் வாசலிலே செருப்புத் தேடிக்கொண்டிருந்த வேளையில், ஒரு சகோதரி நம்மை நிறுத்திக் கேள்வி ஒன்று கேட்டார். "ஊருக்கு வெளியே பஞ்சாயத்து எல்லையில் முப்பதுக்கு நாற்பது மனை ஒன்று பார்த்திருக்கிறோம். அங்கே கார்ப்பரேஷன் கிடையாதாம். ஆகையால் பிளான் அனுமதி ஒன்றும் வேண்டாம், வருஷா வருஷம் வரி கட்டினால் போதும் என்று தரகர் சொல்லுகிறார். நிஜந்தானா, அண்ணா?" என்றார். நின்ற நிலையில் நாம் சொல்ல முடிந்தது, "முன்பணம் கொடுத்துவிடாதீர்கள், அம்மா" என்பது ஒன்றே. விரிவான விடையை இப்பக்கத்தில் எழுதுவதாக வாக்களித்தோம். இம்மாதம் அதனை நிறைவேற்றுகின்றோம்.

இக்கேள்விக்கு விடை கூற நமக்குள்ள தகுதி படித்ததனால் வந்ததன்று, பட்டதனால் வந்தது. நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளுகிறவர். சட்டம் பயின்ற அன்பர்கள் பிழை கண்டால் பொறுத்தருளித் திருத்துவார்களாக.

நம் தகப்பனார் ஜோலார்பேட்டையில் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் வெயிலிலும் மழையிலும் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு, பெங்களூரில் நாம் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆயுள் முழுதும் ரயில்வே வீட்டிலேயே இருந்தவருக்கு, தமக்கென்று ஒரு வாசற்படி வேண்டும் என்பது ஒன்றே ஆசை. கிராஜுவிட்டிப் பணம் கையில் இருந்தது. 2017ஆம் ஆண்டில், ஒயிட்பீல்டு ஸ்டேஷனைத் தாண்டி, ஒரு கிராமப் பஞ்சாயத்து எல்லையில் 1,200 சதுர அடி மனை ஒன்றை வாங்கினோம். ரயில் போகும் ஓசை அங்கே கேட்கும். அதுவே தகப்பனாருக்கு அந்த மனையில் பிடித்த அம்சம்.

தரகர் காட்டிய காகிதங்கள் நான்கு: கிரயப் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, பஞ்சாயத்துக் காத்தா, அவ்வாண்டு வரி கட்டிய ரசீது. எல்லாவற்றிலும் முத்திரை இருந்தது. எல்லாம் கன்னடத்தில் இருந்தன. நாம் கன்னடம் தாராளமாகப் பேசுவோம்; பேசாமல் பார்சல் ஆபீஸில் ஒரு பொழுது ஓட்ட முடியாது. ஆனால் வாசிக்க அறியோம். பிறர் மூட்டையின் எடையை மூன்று முறை சரிபார்த்து ரசீது போடும் நாம், தகப்பனாருடைய ஆயுட்காலச் சம்பாத்தியத்துக்குரிய காகிதத்தை ஒரு முறையும் வாசிக்காமலே கையொப்பமிட்டோம்.

2019ஆம் ஆண்டு தை மாதத்தில் பூமி பூஜை போட்டு, கல் இறக்கி, கடைக்கால் எழுப்பினோம். கைப்பணம் அத்துடன் தீர்ந்தது. மேற்கொண்டு கட்டுவதற்கு வீட்டுக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குச் சென்றோம். அங்கிருந்த அதிகாரி நம் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூன்றே கேள்விகள் கேட்டார். "கன்வர்ஷன் ஆர்டர் எங்கே? லேஅவுட் அங்கீகாரம் எங்கே? வீட்டுப் பிளான் அனுமதி எங்கே?" நாம் வரி ரசீதை எடுத்து நீட்டினோம். அவர் அதை மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் ஆபீஸில், பக்கத்து மேசைக் கன்னட நண்பரிடம் அக்காகிதங்களைக் கொடுத்தோம். இரண்டு நிமிஷம் வாசித்தார். "இது கிருஷி நிலம், ஸார். காத்தா என்று நீங்கள் வைத்திருப்பது 11-பி. இதை வாங்கு முன் என்னிடம் காட்டியிருக்கலாமே!" என்றார். இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்க வேண்டியது, இரண்டு ஆண்டு கழித்துத் தெரிந்தது.

அந்த வங்கி அதிகாரி கேட்ட மூன்று கேள்விகளே இக்கட்டுரையின் சாரம். பஞ்சாயத்து எல்லையில் வீடு கட்ட விரும்புவோர் மூன்று தனித்தனி அனுமதிகள் உண்டு என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். ஒன்று மண்ணுக்கு, ஒன்று மனைப் பிரிவுக்கு, ஒன்று வீட்டுக்கு.

முதலாவது, மண்ணுக்குரிய அனுமதி. கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 1964ஆம் ஆண்டினது. அதன் 95ஆம் பிரிவின்படி, விவசாய நிலத்தை வேறு காரியத்துக்கு உபயோகிக்க வேண்டுமானால் டெபுடி கமிஷனரின் அனுமதி பெறவேண்டும். இதைத்தான் மக்கள் 'டி.சி. கன்வர்ஷன்' என்கிறார்கள், கன்னடக் காகிதத்தில் 'பூ பரிவர்த்தனெ' என்று இருக்கும். நம் ஊரில் நத்தம் என்று சொல்லுகிறோமே, அதற்கு நிகரான பழைய குடியிருப்பு நிலத்தை இங்கே 'கிராமடாணா' என்பார்கள். அதற்கு மாத்திரம் இந்த மாற்றம் வேண்டுவதில்லை. ஆனால் கிராமடாணா என்பது பழைய ஊர் அடங்கிய சிறு வட்டம். அதைச் சுற்றியுள்ள ராகி வயலையெல்லாம் கிராமடாணா என்று கூறி விற்கும் தரகர்கள் அநேகர். சர்வே வரைபடத்தில் எல்லைக்கோடு இருக்கும். அதைக் கண்ணாற் கண்டபின் நம்புக. கன்வர்ஷன் பெறும் முறை அண்மைக் காலத்தில் பலவாறு எளிதாக்கப்பட்டிருக்கின்றது. எளிதானாலும் எழுத்தில் ஒரு சான்று இருந்தே தீரும்.

இரண்டாவது, மனைப் பிரிவுக்குரிய அனுமதி. ஒரு விவசாயி தம் வயலைச் சுண்ணாம்புக் கோடு போட்டு நாற்பது மனையாக விற்றுவிட்டால் அது லேஅவுட் ஆகிவிடாது. 1961ஆம் ஆண்டின் கர்நாடக நகர, கிராமத் திட்டச் சட்டப்படி, அவ்வட்டாரத்துத் திட்ட ஆணையம் வரைபடத்தை அங்கீகரிக்க வேண்டும். ஆனேக்கல், ஹொஸகோட்டெ, நெலமங்கல முதலிய பக்கங்களுக்குத் தனித்தனி ஆணையங்கள் உண்டு. நகரத்தை ஒட்டிய பகுதிக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பி.டி.ஏ. உண்டு. தெருவின் அகலம், சாக்கடை, பூங்கா, பொது உபயோகத்துக்கான இடம் ஆகியவற்றை அவர்கள் பார்ப்பார்கள். அங்கீகாரம் இல்லாத பிரிவில், நம் வாசலுக்கு முன்னாலுள்ள தெருவே காகிதத்தில் ஒருவருடைய வயலாக இருக்கக்கூடும். நாளை அவர் பேரன் வேலி போட்டால் நாம் எங்கே போய்ச் சொல்லுவது?

மூன்றாவது, வீட்டுக்குரிய அனுமதி. 'பஞ்சாயத்தில் பிளான் வேண்டாம்' என்னும் பேச்சு முழுப் பொய். 1993ஆம் ஆண்டின் கர்நாடகப் பஞ்சாயத்து ராஜ் சட்டம், 64ஆம் பிரிவில், கிராமப் பஞ்சாயத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பலாகாது என்றே கூறுகின்றது. நம்மைப்போல் ரயில் ஓசைக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டுவதானால் ரயில்வேயின் தடையில்லாச் சான்றும் வேண்டும். நாம் ரயில்வேயில் இருந்தும் இதை வெகு தாமதமாகவே அறிந்தோம்.

"அனுமதி இல்லையென்றால் வரி மட்டும் ஏன் வாங்குகிறார்கள்?" என்று தகப்பனார் அப்போது கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே விடை சொன்னோம். பிளாட்பாரம் டிக்கெட்டும் காசு கொடுத்து வாங்குவதுதான். அதிலும் முத்திரை உண்டு, தேதி உண்டு. அதை வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினால் பரிசோதகர் விடுவாரா? வரி ரசீதும் அத்தகையதே. நிற்பதற்குக் கொடுத்த காசு அது. பிரயாணத்துக்குரிய சீட்டு வேறு. பஞ்சாயத்துப் பதிவிலே ஒழுங்கான மனைக்கு 9ஆம் நமூனாவும் 11-ஏ நமூனாவும் கிடைக்கும். ஒழுங்கில்லாததற்கு 11-பி. 2025ஆம் ஆண்டில் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரமற்ற மனைகளையும் வரிப்பதிவுக்குள் கொண்டுவர வழி செய்தார்கள். அதைக் காட்டி, "சர்க்காரே ஒப்புக்கொண்டு விட்டது" என்று சொல்லுகிற தரகர்கள் கிளம்பியிருக்கிறார்கள். வரிக்கு ஒப்புக்கொண்டது வேறு, வீட்டுக்கு ஒப்புக்கொள்ளுவது வேறு.

"இன்று பஞ்சாயத்து, நாளை கார்ப்பரேஷன், சேர்ந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும்" என்பது அடுத்த ஆசை வார்த்தை. இதன் சரித்திரத்தையும் பார்ப்போம். 2007ஆம் ஆண்டில் 7 நகரசபைகளும் 1 புரசபையும் 110 கிராமங்களும் பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. அந்த 110 கிராமங்களுக்குக் குடிநீர் தருவதற்கென்று வகுத்த காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024ஆம் ஆண்டு அக்டோபரிலேதான் தொடங்கி வைக்கப்பட்டது. இடையில் 17 ஆண்டுகள்! அக்காலம் முழுதும் லாரித் தண்ணீரே அநேக வீடுகளுக்குக் கதி. ஒழுங்கற்ற மனைகளை மாநகராட்சி 'பி' என்னும் தனிப் பதிவேட்டில் எழுதி வரி வாங்கிற்று. அதுவே 'பி காத்தா' என வழங்கலாயிற்று.

அபராதம் பெற்று ஒழுங்குபடுத்தும் 'அக்ரம சக்ரம' திட்டத்தை நம்பிக் கட்டியவர்களும் உண்டு. அத்திட்டத்துக்கு 2017ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நம்பியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. அவ்வாண்டே, கட்டணம் பெற்று 'பி'யை 'ஏ' ஆக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அது நகர எல்லைக்குள் இருப்போர்க்கு ஆறுதல். எல்லைக்கு வெளியே உள்ள பஞ்சாயத்து மனைக்கு அது பொருந்துமென்று எவரும் கருதிவிடலாகாது. வரப்போகும் சலுகையை நம்பி வீடு கட்டுவது, வராத வண்டிக்கு மூட்டை கட்டுவது போலாகும்.

கட்டிய பின்னர் வரும் துன்பமும் சிறிதன்று. ஏரிக்கு ஏரி மழைநீர் கொண்டுசெல்லும் பெரிய கால்வாய்களை இங்கே 'ராஜகாலுவை' என்பார்கள். 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில், அக்கால்வாய்களின் மீது கட்டியவை என்று கூறி நகரின் பல பகுதிகளில் வீடுகளை இடித்தார்கள். இடிபட்டவர்களிற் பலர் பத்திரமும் காத்தாவும் வரி ரசீதும் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். பின்னர் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி, மீரட் நகரத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டட நிறைவுச் சான்று இல்லாத கட்டடங்களுக்கு மின்சாரம், தண்ணீர் முதலிய இணைப்பு தரலாகாது என்பது அத்தீர்ப்பின் ஒரு கட்டளை. அதன் விளைவாகப் பெங்களூரிலும் புது வீட்டுக்காரர்கள் மின் இணைப்பின்றித் தவித்தார்கள். சிறு மனைகளுக்குப் பிறகு சில சலுகைகள் அறிவிக்கப்பட்டன. தம் வீடு அச்சலுகைக்குள் வருமா என்பதை அன்பர்கள் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் விடை பெறுவது நலம்.

ஊரிலே மலைப்பக்கம் நிலம் வைத்திருக்கும் அன்பர்கள் நம்மிடையே சிலர் உண்டு. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்துக் கிராமத்தில் ஓய்வுக்காலத்துக்கென ஒரு வீடு கட்ட நினைக்கும் அவர்களுக்கும் இவ்விஷயம் பொருந்தும். நகராட்சிக்கு வெளியே இருப்பதனால் மலைக்கிராமத்தில் விதியில்லை என்பதில்லை. தமிழ்நாட்டில் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் 1990ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. சரிவு எவ்வளவு, மண் தாங்குமா, காடு அருகிலுள்ளதா என்று வேளாண்மைப் பொறியியல், புவியியல், வனத் துறைகளின் கருத்தைக் கேட்ட பின்பே அங்கே அனுமதி. இது வீண் தொல்லை என்று எண்ணுவோர், 2009ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நினைவு கூர்வார்களாக.

இனி, முன்பணம் கொடுக்கு முன் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, மனை எந்த எல்லைக்குள் இருக்கிறது, எந்தத் திட்ட ஆணையத்தைச் சேர்ந்தது என்று அறிக. தரகர் வாய்ச்சொல் போதாது; பஞ்சாயத்துக் காரியாலயத்துக்கு நேரிற் செல்லுக.

இரண்டாவது, மனையிலேயே நின்றுகொண்டு கைபேசியில் 'திஷாங்க்' செயலியைத் திறந்து பார்க்க. அது கர்நாடக அரசாங்கத்தினுடையது. நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைக் காட்டும். பத்திரத்திலுள்ள எண்ணும் அதுவும் ஒன்றுதானா, அருகே ஏரியோ கால்வாயோ உண்டா என்று காண்க.

மூன்றாவது, அச்சர்வே எண்ணின் பஹணியையும் கன்வர்ஷன் உத்தரவையும் நாமே நகல் எடுக்கவேண்டும். தரகர் கொடுக்கும் ஜெராக்ஸை நம்பலாகாது.

நான்காவது, அங்கீகாரம் பெற்ற லேஅவுட் வரைபடத்தில் நம் மனையின் எண் இருக்கிறதா என்று திட்ட ஆணையத்தில் கேட்க. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்போர், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி 'ரேரா'வில் பதிவு செய்திருக்க வேண்டும். அப்பட்டியலையும் பார்க்க.

ஐந்தாவது, வில்லங்கச் சான்று பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றை மாத்திரமே காட்டும். வீடு கட்டலாமா என்பதை அது சொல்லாது.

ஆறாவது, 'பவர்' பத்திரத்தின் பேரில் மனை வாங்கற்க. அதனால் உரிமை மாறுவதில்லையென்று 2011ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

இத்தனைக்கும் பிறகு ஒரு வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணம், மனை விலையில் கொசுறு.

இவ்வளவும் எழுதுகையில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அங்கீகாரம் பெற்ற மனையின் விலை நம்மைப் போன்றோர் கைக்கு எட்டுவதில்லை. எட்டாத காரணத்தாலேயே மலிந்த மனையைத் தேடி வயற்காட்டுக்குப் போகின்றோம். இதில் வாங்குகிறவன் மட்டும் குற்றவாளி என்று நாம் சொல்ல மாட்டோம். ஆயினும் துன்பம் வரும்போது அது வாங்கினவன் தலையிலேதான் விடிகிறது. ஆகவே சிறிய மனையானாலும், தூரத்து மனையானாலும், வாங்கச் சில ஆண்டு தாமதமானாலும், மூன்று அனுமதியும் உள்ளதையே வாங்குக.

மற்றொன்று. நம்மை ஏமாற்றியது தரகரின் சாமர்த்தியம் மட்டுமன்று. நம் எழுத்தறியாமையும் அதிற் பாதி. 'கிருஷி' என்றால் விவசாயம். 'கிருஷியேதர' என்றால் விவசாயம் அல்லாதது. இவ்விரண்டு சொற்களையும் பிரித்து வாசிக்கத் தெரிந்திருந்தால் நம் தகப்பனாரின் பணம் தப்பியிருக்கும். இந்நாட்டுச் சோற்றை உண்கின்றோம். இம்மக்களோடு இன்முகமாகப் பேசிப் பழகுகின்றோம். அவர்கள் எழுத்தை மட்டும் அயலாகவே வைத்திருக்கின்றோம். நாம் அதன் பின் ஒரு பாலபாடப் புத்தகம் வாங்கினோம். பக்கத்து மேசை நண்பர் சாப்பாட்டு வேளைகளில் சொல்லிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் பெயர்ப்பலகையும், ஆறு மாதத்தில் பஹணியும் வாசிக்கலானோம். தமிழை மறவாமலிருக்கப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தும் நம் சங்கம், பெரியவர்களுக்கு ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் கன்னட எழுத்து வகுப்பும் தொடங்கலாகாதா? காரியதரிசி அவர்கள் இதனை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டுகின்றோம். முதல் மாணவர்களைத் திரட்டும் பொறுப்பை நாமே ஏற்கின்றோம்.

நம் மனை என்ன ஆயிற்று என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். கடைக்கால் அப்படியே இருக்கிறது. நாற்பது மனைக்காரர்களும் ஒன்று சேர்ந்தாலன்றிக் கன்வர்ஷன் கேட்க வழியில்லை என்கிறார்கள். பதினேழு பேரை இதுவரை கண்டுபிடித்திருக்கின்றோம். மற்றவர்களைத் தேடி வருகின்றோம். தகப்பனார் ஞாயிறுதோறும் காலை வண்டியேறி அங்கே போய், கடைக்காலின் ஓரத்தில் தாம் வைத்த இரண்டு தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மாலை வண்டியில் திரும்புகிறார். மரம் நட அனுமதி வேண்டாமாம். சென்ற வாரம் முதற்குலை இளநீர் நான்கு கொண்டுவந்தார். குழந்தைகளுக்கு மூன்றைக் கொடுத்துவிட்டு, ஒன்றைப் பக்கத்து மேசை நண்பருக்கென்று எடுத்து வைத்தார்.

கேள்வி கேட்ட சகோதரி முன்பணம் கொடுக்கவில்லை என்று அறிந்து மகிழ்கின்றோம்.